கோணல் மட்டை

அப்பா எடுத்துக் கொடுத்த ஹாக்கி மட்டையை மகள் திருப்பி வைத்துவிட்டாள்.

கடைக்காரர் செல்லையா, கண்ணாடியைத் துடைக்கிற சாக்கில் தலையைக் குனிந்துகொண்டார்.

கோவில்பட்டி பஜாரில் அந்தப் பழைய ஆட்டக்காரர் கையால் கொடுத்ததை வேண்டாமென்று வைத்தவர்கள் குறைவு. பெற்ற மகளே வைக்கிறாள்.

முதல் மட்டையை அப்பாதான் தேர்ந்தெடுத்துக் கொடுக்க வேண்டும். அவர்கள் வீட்டு வழக்கம் அது. பிள்ளை வாங்கிக்கொள்ளும். பேச்சுக் கிடையாது.

வாங்கிய அத்தனை பேரும் ஃபார்வர்டு. அவர் அப்பா, சித்தப்பா, அண்ணன், அவர். கோல் அடிக்கிற குடும்பம் என்றுதான் ஊரில் பேச்சு. அவருக்குப் பெண் பார்க்கப் போன இடத்தில்கூட, வேலையைச் சொல்வதற்கு முன்னால் அதைத்தான் சொன்னார்கள்.

அந்த வீட்டில் மட்டை பிடிக்கப்போகிற முதல் பெண் முத்தரசி. எட்டாம் வகுப்பு. நேற்றுத்தான் பள்ளி அணியில் பெயர் வந்தது.

அவள் கை மூலைக்குப் போனது. அங்கே சாய்த்து வைத்திருந்த ஒன்றை எடுத்தது. கீழ்ப்பாகம் ஒரு பக்கமாக நெளிந்த மட்டை.

கோல்கீப்பர் பிடிப்பது.

செல்லையா தொண்டையைச் செருமினார். பாப்பா தெரியாமல் எடுத்துவிட்டது, அது அடிக்கிற மட்டை இல்லை, தடுக்கிற மட்டை என்றார். உங்கள் வீட்டுக்கு அதை விற்றதே இல்லை என்று ஒரு சிரிப்பையும் சேர்த்துக்கொண்டார்.

தெரிந்துதான் எடுத்தேன் என்றாள்.

அப்பாவுக்குச் சுருக்கென்றது.

ஓட வராத பிள்ளையைத்தான் கோலில் நிறுத்துவார்கள். அவர் பார்த்த வரைக்கும் அப்படித்தான். ஆக, தம் மகளை ஓரங்கட்டியிருக்கிறார்கள். அதுவும் இந்த வீட்டுப் பெண்ணை.

பள்ளிக்கூடத்துக்கே போய் டீச்சரை நாலு வார்த்தை கேட்டுவிடுவது என்று கடைப்படி இறங்கினார்.

"யாரும் தள்ளிவிடலப்பா. கோலுக்கு யாரு நிக்கிறீங்கன்னு டீச்சர் கேட்டாங்க. எல்லாரும் தரையப் பாத்தாளுக. நான் போய் நின்னேன்."

படியிலேயே நின்றுவிட்டார்.

அவர் அடித்த கோல்கள் எல்லாம் ஞாபகத்தில் இருந்தன. எந்த மைதானம், எந்தப் பக்கம், பந்து யார் தள்ளிக் கொடுத்தது, எல்லாம். கோல் வாங்கிய ஒருவன் முகமும் இல்லை.

ஒரே ஒரு முகம் இருந்தது.

திருச்சியில், ஆட்டம் முடியப்போகிற நேரம். கிட்டத்தில் நின்று அவர் முழு மூச்சோடு அடித்த பந்து. அதற்கு நேராக, கண்ணைக்கூட மூடாமல் வந்து நின்ற ஒல்லிப் பையன்.

தடுத்துவிட்டான்.

பெயர் தெரியாது. முகம் இத்தனை வருஷமாகப் போகவில்லை.

அவர் படியேறி வந்தார். அவள் கையிலிருந்த மட்டையை வாங்கினார். தரையில் ஊன்றி அவள் இடுப்புக்கு அளந்தார். கைப்பிடியை முறுக்கிப் பார்த்தார்.

பிறகு, தாமே தேர்ந்தெடுத்தது மாதிரி, அவளிடம் நீட்டினார்.

அவள் வாங்கிக்கொண்டாள். பேச்சில்லை.

செல்லையா காகிதத்தில் சுற்றப் போனார். அப்பா வேண்டாம் என்றார்.

டீக்கடை வாசலில் வேலாயுதம் உட்கார்ந்திருந்தார். அந்தக் காலத்தில் கூட ஆடியவர். மட்டையைப் பார்த்ததும் அவருக்கு டீ இனித்துவிட்டது. கோல் அடிக்கிற வீட்டுக்கே இந்தக் கதியா அண்ணாச்சி என்று இழுத்தார்.

கடையில் இருந்தவர்கள் திரும்பினார்கள்.

"என் மக கோல்கீப்பர்டா வேலாயுதம். உன் மகனக் கூட்டிட்டு வா. அடிச்சுப் பாக்கட்டும்."

எதிர்ச்சாரி வரைக்கும் கேட்டது.

முத்தரசி மட்டையைத் தோளில் சாய்த்துக்கொண்டு நடந்தாள். பின்னால் வந்த அப்பா இரண்டு எட்டில் அவளைத் தாண்டிவிடலாம்.

அவர் தாண்டவில்லை.