மாடியில் குளிக்கும் சத்தம்

போன வருடம் இந்த ஊர்க் கடல்தான் அவள் கணவனைக் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. அண்ணன் எவ்வளவு தடுத்தும் கேளாமல் புறப்பட்டு வந்து, அப்போது இருவரும் தங்கியிருந்த, பிரெஞ்சுக்காரர்கள் காலத்து அதே மஞ்சள் விடுதியில், அதே மாடி அறையை எடுத்துத் தங்கினாள்.

காலையில் சமையற்காரம்மா இரண்டு தட்டு வைத்தாள்.

“நான் ஒருத்திதாம்மா.”

“அப்போ மேல குளிக்கிறது யாரு? இப்பதான் துண்டு கேட்டாரு.”

அவள் துண்டை வாங்கிக்கொண்டு படியேறினாள். குளியலறை உள்ளே தாழிட்டிருந்தது. கதவுக்கடியில் மணல் கலந்த தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு தட்டினாள்.

“குளிச்சது போதுங்க. வெளிய வாங்க, வீட்டுக்குப் போகலாம். உங்கள விட்டுட்டு நான் போறதா இல்ல.”

தண்ணீர்ச் சத்தம் நின்றது. உள்ளே ஒரு கை தாழ்ப்பாளைத் தடவித் தேடியது.