விரத வீட்டில் பர்கர்

செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் உதிர்ந்த பழம் பொறுக்கிய முதுகு நிமிர மறுக்கிறது. கலாவதி புறவாசல் அடுப்பில் ஆட்டுக் கொத்துக்கறியைத் தட்டிப் போடுகிறாள். கொழுப்பு சீறும்போதெல்லாம் விரதக் காப்பு கட்டிய கையைப் பின்னுக்கு இழுத்துக்கொள்கிறாள். டெங்கிக் காய்ச்சலில் ஆஸ்பத்திரியில் கிடந்து வீடு திரும்பிய மகள் தனுஜா, கொடுத்த கஞ்சியையெல்லாம் துப்பிவிட்டு, இன்றுதான் வாய் திறந்து சாப்பாடு கேட்டிருக்கிறாள். “சீஸ் நல்லா உருகட்டும்லா, ம்மா.” “மெல்லப் பேசுடி, சாமிக்குக் கேக்கப்போவுது.” “அப்ப சாமிக்கும் ஒன்னு செஞ்சி குடு.” கலாவதி வீட்டுக்குள் சாமி படம் இருக்கும் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொள்கிறாள். வெண்ணெய் தடவிய ரொட்டி சிவக்கிறது. சுங்கை பெசார் டவுன் கடையில் வாங்கிய சீஸ் கறியின் ஓரத்தில் வழிகிறது. மகள் கடிக்கிறாள், மெல்லுகிறாள், விழுங்குகிறாள். கலாவதி அவள் நெற்றியைத் தொட்டுப் பார்க்கிறாள். சூடு அடுப்பினுடையதா, பிள்ளையினுடையதா என்று கைக்குத் தெரியவில்லை. மகள் பிழைத்தால் எடுப்பதாக மாரியாத்தாவுக்கு நேர்ந்த பால்குடம் இன்னும் பாக்கி.