காலர் அழுக்கு

"உங்க பேச்சைக் கேட்டுத்தான் வாங்குனனுங்க்கா. இப்படி ஏமாத்திட்டீங்களே!"

டீ டைமில், தையல் செக்‌ஷன் முழுக்கக் கேட்கும்படி நதியா கத்தினாள். அனிதா கையிலிருந்த டம்ளரைக் கீழே வைத்தாள்.

"ஏன் நதியா, என்னாச்சு?"

"அந்தக் குட்டி வாஷிங் மிசின்தான். பாப்பாவோட யூனிபார்ம் சட்டையில காலர் அழுக்கு அப்படியே நிக்குது. இதுக்கா போனஸ் பணத்தைக் கொண்டுபோய்க் கொட்டுனேன்னு எங்கூட்டுக்காரரு தெனமும் குத்திக் காட்டறாரு."

அனிதா வீட்டு மெஷினைப் பற்றி அந்தப் பனியன் கம்பெனியில் தெரியாதவர்கள் இல்லை. பக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிசு. ஒரு கையில் தூக்கிக்கொண்டு போய் எங்கே வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளலாம். கணவர் வேல்குமார் வாங்கிக் கொடுத்தது. "என்னமா வெளுக்குதுங்கறீங்க!" என்று பார்க்கிறவர்களிடமெல்லாம் அனிதா சொல்வாள்.

"துணியை அமுக்கித் திணிச்சிட்டியா?"

"இல்லீங்க. நீங்க சொன்னாப்பல நாலஞ்சு துணிதான் போடறேன்."

"பவுடரைத் தண்ணியில நல்லாக் கரைச்சிட்டு அப்புறந்தான் துணி போடோணும்."

"அப்படித்தான் போடறேன்."

"வெள்ளையைத் தனியா..."

"தனியாத்தானுங்க. ஊறவும் வெக்கறேன். ரெண்டு வாட்டி அலசறேன். ஆனாலும் காலர் கருப்பாத்தான் கெடக்குது."



"எங்கூட்லயும் இவ்வளவுதான் பண்றோம் நதியா."

"பொய்! வேறென்னமோ பண்றீங்க. நாலு பேருக்குத் தெரிஞ்சா உங்க பெருமை போயிரும். அதான் சொல்ல மாட்டேங்கறீங்க."

யாரோ சிரித்தார்கள். அனிதாவின் முகம் சுண்டிப்போனது.

"ஞாயித்துக்கெழமை மத்தியானம் ஊட்டுக்கு வா. உன் கண்ணு முன்னாலயே போட்டுக் காட்டறேன்."

சொல்லிவைத்த நேரத்துக்குப் போனால் எல்லாவற்றையும் ஒளித்து வைத்துவிடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை காலையிலேயே நதியா போய்விட்டாள்.

முன்கதவு உள்ளே தாழிட்டிருந்தது. பின்பக்கம் தண்ணீர்ச் சத்தம் கேட்டது. கதவைத் தட்டாமல், சுற்றிக்கொண்டு பின்னால் போனாள்.

துவைக்கும் கல்லின் முன்னால் வேல்குமார் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். வெள்ளைச் சட்டைக் காலரில் சோப்பைத் தடவி, பிரஷ் போட்டு அழுத்தித் தேய்த்தார். தேய்த்து முடித்ததைப் பக்கத்திலிருந்த மெஷினுக்குள் போட்டார்.

"அதானே பார்த்தேன்!" என்றாள் நதியா.

அவர் பதறிப்போய் எழுந்தார்.

"மெதுவாப் பேசுங்க. அனிதா கறிக்கடைக்குப் போயிருக்கறா. இப்ப வந்துருவா."

"புருசனும் பொண்டாட்டியும் சேர்ந்து ஊரை ஏமாத்தறீங்களா? கையில தேய்ச்சுப்போட்டு, மிசின் வெளுக்குது மிசின் வெளுக்குதுன்னு..."

"அவளுக்குத் தெரியாதுங்க."

நதியா சட்டென்று நிறுத்தினாள்.

"சோப்புத் தண்ணி பட்டா அவ கையெல்லாம் வெடிச்சு ரத்தம் வந்துருதுங்க. தொடவே கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டாரு. நான் தொவைக்கறேன்னா உட மாட்டேங்கறா. ஆம்பளை துணி தொவைச்சா அக்கம்பக்கத்துல சிரிப்பாங்களாம். சரின்னு மிசின் வாங்கியாந்தேன். காலர் வெளுக்கலீன்னு ஒரே வாரத்துல மறுபடியும் பிரஷ்ஷைக் கையில எடுத்துட்டா."

வேல்குமார் ஈரக் கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"அதுல இருந்து, அவ வெளிய போற நேரம் பார்த்து நான் தேய்ச்சுப் போட்டுடறேன். மிசின்தான் வெளுக்குதுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கறா. கையும் இப்பத்தான் ஆறிட்டு வருது."

முன்கதவைத் தட்டும் சத்தம் கேட்டது. அவர் பிரஷ்ஷைக் கல்லுக்குப் பின்னால் தள்ளிவிட்டு, மெஷினை ஓடவிட்டுவிட்டுப் போய்க் கதவைத் திறந்தார்.

கறிப் பையோடு அனிதா நேராகப் பின்பக்கம் வந்தாள். நதியாவைப் பார்த்ததும் நின்றாள்.

"காத்தாலயே வந்துட்டியா? நல்லதாப் போச்சு. பாத்துக்கிட்டயா? நாங்க என்னத்தை ஒளிச்சு வெச்சிருக்கறோம், நீயே சொல்லு."

அவளுக்குப் பின்னால் வேல்குமார் நதியாவையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"ஒண்ணுமே இல்லீங்க்கா," என்றாள் நதியா. "நாளைக்குக் கம்பெனியில எல்லாத்து முன்னாலயும் சொல்லிடறேன். கோளாறு எங்கூட்டு மிசின்லதானுங்க."