ஆகஸ்டில் ஒரு வின்டர் டயர்

"வின்டர் டயரா? தம்பி, இது துபாய்ப்பா! சுவிட்சர்லாந்துக்குப் போறவன் ஃப்ளைட் மாறி ஏறிட்டியா?"

கலீலுர் ரஹ்மான் கடையே அதிரும்படி சிரித்தார். அல் குசைஸில் அவர் டயர் கடை வைத்துப் பல வருடம் ஆகிறது. ஆகஸ்டு மாதத்தில், அதுவும் உச்சி வெயிலில், வின்டர் டயர் கேட்டு வந்த முதல் ஆள் இவன்தான். பெயர் சோலைமுத்து என்றான். பரமக்குடிப் பக்கம் என்றதும் அவருக்குப் பாசம் வந்துவிட்டது. அவர் கீழக்கரை. ஒரே ஜில்லாக்காரன் ஆயிற்றே!

"உள்ள வந்து உக்காரு. ஏசி ஓடுது."

"வேணாம் பாய். இப்படி வெயில்லயே நிக்கிறேன். நல்லா இருக்கு."

நல்லா இருக்காமே! வெளியே ஒரு நிமிடம் நின்றால் ஆளே கருகிப்போகிற வெயில். பையன் கொஞ்சம் ஒரு மாதிரிதான் என்று முடிவு கட்டினார் கலீல். உதடு வெடித்திருந்தது. விரல் நுனியெல்லாம் தோல் உரிந்திருந்தது. தோளில் புடைத்துக்கொண்டு ஒரு பை. நேரத்துக்குச் சாப்பிடுகிறானோ இல்லையோ, பாவம்.

"சரி, எதுக்கு உனக்கு அந்த டயர்?"

"வண்டி வழுக்குது பாய். நேத்து பிரேக் போட்டும் நிக்கல. கூட வேலை பாக்குற தயாபரன்னு ஒருத்தர், யாழ்ப்பாணத்துக்காரர். சுவத்துக்கும் வண்டிக்கும் நடுவுல மாட்டியிருப்பார். மயிரிழையில தப்பிச்சார். இன்னிக்கு இன்னும் பெரிய லோடு வருது. நான் ஓட்டுறது..."

"நீ எதை ஓட்டுனா என்னப்பா? வழுக்குற அளவுக்கு மழை பேஞ்சுச்சா?"

"இல்ல பாய்."

"எவனாவது எண்ணெயைக் கொட்டி வச்சிருந்தானா?"

"அது இல்ல பாய், கீழ வந்து..."

"அப்ப தூங்கியிருக்க. உண்மையச் சொல்லு!"

"சத்தியமா இல்ல பாய்!" சோலைமுத்துவுக்குக் கண் கலங்கிவிட்டது. "அந்தாளுக்கு ரெண்டு பொம்பளப் புள்ளைங்க. என் கையால அவருக்கு ஏதாச்சும் ஆயிட்டா நான் உயிரோடவே இருக்க மாட்டேன்."

கலீலுக்கு மனசு இளகியது. குரலைத் தணித்துக்கொண்டார்.

"கேட்டுக்க. வின்டர் டயர்ல ரப்பர் மெத்துன்னு இருக்கும். குளிர்ல விறைச்சுப் போகக் கூடாதுன்னு அப்படிச் செய்யுறான். நம்ம ரோட்டுச் சூட்டுக்கு அது தாங்குமா? மளமளன்னு தேஞ்சுரும். பிரேக் போட்டா நிக்கவும் நிக்காது. இங்க குளிர்காலம்ங்கிறது என்ன? ஜனவரியில ரெண்டு நாள் ஸ்வெட்டர் போடுவோம், அம்புட்டுத்தான். அப்பவே தேவையில்லம்பேன். நீ ஆகஸ்டுல வந்து கேக்குற!"

"நீங்க சொல்றது சரிதான் பாய். ஆனா எங்க எடத்துல..."

"எங்க எடம், உங்க எடம்னு தனித்தனியா இருக்கா? துபாய் பூரா ஒரே வெயில்தான்."

ஆர்டர் போட்டு வரவழைத்து விற்றால் அவருக்கு வியாபாரம்தான். ஆனால் தப்பான டயரை மாட்டி அனுப்பி, ரோட்டில் வெடித்து ஓர் உயிர் போனால்? அந்தப் பாவம் நமக்கு வேண்டவே வேண்டாம் என்று நினைத்தார்.

சோலைமுத்து தயங்கித் தயங்கிப் போனை எடுத்தான்.

"பாய், ஒரே ஒரு உதவி. டயரைக் கம்பெனிதான் வாங்கணும். சூப்பர்வைசர் கேட்டுட்டுச் சிரிக்கிறார். 'டயர் கடைக்காரன் எவனாவது வேணும்னு சொல்லட்டும், வாங்கித் தர்றேன். வேணாம்னுட்டா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது'ன்னுட்டார். நீங்க ஒரு வார்த்தை..."

எண்ணை அழுத்திப் போனை நீட்டினான். மறுமுனையில் இருந்தவர் இந்தியில் ஒரே ஒரு கேள்வி கேட்டார்.

"பாய் சாப், துபாயில் வின்டர் டயர் தேவையா?"

"தேவையே இல்லை. போட்டால்தான் ஆபத்து!" கலீலும் இந்தியில் அடித்துச் சொன்னார்.

"அச்சா! கலாஸ், பேச்சு முடிந்தது!" என்று அந்தக் குரல் சந்தோஷமாகச் சிரித்தது. லைன் கட்டாகிவிட்டது.

சோலைமுத்துவின் முகம் தொங்கிப்போயிற்று. கலீல் அவன் தோளில் தட்டிக்கொடுத்தார்.

"நம்ம ஜில்லாக்காரப் பையன்னுதான் உள்ளதைச் சொன்னேன். வேற ஒருத்தனா இருந்தா ஏமாத்தித் தலையில கட்டியிருப்பான். கோவிச்சுக்காத. சாயா சொல்றேன், குடிச்சிட்டுப் போ."

"இல்ல பாய். டூட்டிக்கு வேன் வந்துருச்சு."

சாலையோரம் கம்பெனி வேன் ஹாரன் அடித்தது. போனைப் பைக்குள் திணிக்க இடம் இல்லை. உள்ளே இருந்ததை ஒவ்வொன்றாக வெளியே இழுத்துக் கையில் போட்டுக்கொண்டான் சோலைமுத்து. முழங்கால் வரை நீளும் கனத்த கோட்டு. காதை மூடும் கம்பளிக் குல்லா. தடித்த கையுறை.

"அடப் பாவி! இந்த வேக்காட்டுல இதெல்லாம் எதுக்குடா உனக்கு?"

வேனில் ஏறிக்கொண்டே சோலைமுத்து திரும்பிப் பார்த்தான்.

"அதைத்தானே பாய் அப்பப் புடிச்சு சொல்ல வந்தேன், நீங்க விடவே இல்லையே. நான் ஓட்டுறது ஃபோர்க்லிஃப்ட். கறியும் மீனும் வைக்கிற ஃப்ரீசர் குடோன்ல. உள்ள வருஷம் பூரா மைனஸ் இருபத்தஞ்சு. தரையெல்லாம் ஐஸு."

"நில்லுப்பா! அந்த ஆளுக்குத் திரும்பப் போன் போடு!" என்று கத்திக்கொண்டே கலீலுர் ரஹ்மான் வெயிலில் இறங்கி ஓடினார். வேன் அதற்குள் முனை திரும்பிவிட்டது.