மண்மேட்டை முட்டிய கிடா

திருவிழாச் சண்டைக்காக இரண்டு கிடாக்கள் பழகின. கருங்கொம்பன் தினமும் பாறையை முட்டியது. செவலை மண்மேட்டை முட்டியது. கழுத்து வலித்தால் அன்று படுத்து அசைபோட்டது.

"பாறையைக் கண்டால் பயமா?" என்று கேட்டது கருங்கொம்பன்.

"கழுத்தை நினைத்தால் பயம். இருப்பது ஒன்றுதான்," என்றது செவலை.

சண்டையில் கருங்கொம்பன் ஜெயித்தது. மந்தையே செவலையைப் பார்த்துச் சிரித்தது.

மறுநாள் காலையிலும் செவலை மண்மேட்டுக்குக் கிளம்பியது. வழியில் கருங்கொம்பன் நின்றிருந்தது. குனிந்து மேய முடியாமல் அதன் கழுத்து விறைத்துப் போயிருந்தது.

"தோற்றும் அதே மண்ணா? இனியாவது பாறைக்கு வா."

செவலை ஒரு வாய் புல்லைப் பிடுங்கி அதற்கு ஊட்டியது.

"வரமாட்டேன். ஆனால் அடுத்த திருவிழாவுக்கு வருவேன். அதற்கடுத்ததற்கும் வருவேன். கழுத்தைக் காப்பாற்றிக்கொண்டு நீயும் அங்கே வந்து சேர்," என்று சொல்லிவிட்டு மண்மேட்டை நோக்கி நடந்தது.