கம்பைலரைத் திருத்தியவர்

"இம்புட்டுப் பெரிய சாமானைச் சும்மாவா குடுத்தாங்க? ஏங்க, ஆதார் கார்டு கூடவா கேக்கல?"

பாண்டீஸ்வரி காபி டம்ளரைக் கம்ப்யூட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு, கணவனின் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"ஒண்ணும் கேக்கல. நெட்டுல இருந்து இறக்குனேன், ஏத்துனேன், முடிஞ்சுச்சு. நம்ம எழுதுற புரோகிராமை சிப்புக்குப் புரியிற மாதிரி மாத்திக் குடுக்கிறது இந்தக் கம்பைலர்தான். உலகம் பூரா ஆளுக கூடிச் செஞ்சது. யாரு வேணும்னாலும் எடுத்துக்கலாம், பிரிச்சுப் பாக்கலாம், அடுத்தவனுக்குக் குடுக்கலாம்" என்றான் அழகுபாண்டி. ஏதோ அவனே பெற்று வளர்த்த பிள்ளையைப் பற்றிப் பேசுகிற பெருமை குரலில்.

"அதெல்லாம் சரி, மோட்டாரு நிக்கிதா?"

அங்கேதான் சிக்கல். மில் வேலையை விட்டுவிட்டு ஒரு வருஷமாக அவன் மல்லுக்கட்டுவது ஒரு சின்னப் பெட்டியோடு. கிணற்று மோட்டாரை வீட்டில் இருந்தபடியே செல்போனில் போடவும் நிறுத்தவும் ஒரு பெட்டி. திங்கட்கிழமை சோழவந்தானில், வெற்றிலைக் கொடிக்கால்காரர்கள் முன்னால் அதை ஓட்டிக் காட்ட வேண்டும். அவர்களுக்குப் பிடித்துவிட்டால் பிழைத்தான். சொதப்பினால் மறுபடியும் மில் கேட்டில் போய்த் தலையைச் சொறிந்துகொண்டு நிற்க வேண்டியதுதான். இன்று சனிக்கிழமை. பெட்டி மோட்டாரை ஜோராகப் போட்டது. நிறுத்தத்தான் மாட்டேன் என்று அடம்பிடித்தது.

"நான் எழுதுனதுல தப்பே இல்ல ஈஸ்வரி. நூறு தடவை பாத்துட்டேன். கம்பைலர் செய்யிறவங்க கூடிப் பேசுற இடம் ஒண்ணு நெட்டுல இருக்கு. காலைல எந்திரிச்சதும் எனக்குத் தெரிஞ்ச இங்கிலீஷ்ல அதுல எழுதிப் போட்டேன்."

"பெரிய பெரிய ஆளுக இருக்கிற இடம். உங்களை மதிச்சுப் பதில் சொல்லுவாங்களாக்கும்!"

"சொல்லிட்டாருடி! பதினோரு மணியில இருந்து ஒரு மனுஷன் எங்கூடவே கிடக்காரு. மணி மூணாகப் போகுது, சாப்பிட்டாரோ இல்லையோ. பி. ராவ்னு பேரு."

"ராவா? ஐதராபாத்துப் பக்கமோ?"

"அமெரிக்காவுல இருப்பாரோ என்னமோ. அவரு எழுதுற இங்கிலீஷைப் பாத்தாலே தெரியுதே, பெரிய இடத்துப் பிள்ளைன்னு."

அந்த நேரம் பார்த்து ராவிடமிருந்து பதில் வந்தது. அழகுபாண்டி உதட்டை அசைத்து அசைத்துப் படித்தான். பாதியிலேயே நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்துவிட்டான்.

"ஆத்தாடி!"

"என்னங்க, என்னாச்சு?"

"தப்பு எம்மேல இல்லையாம் ஈஸ்வரி! கம்பைலர்லயே தப்பாம். நம்ம பெட்டிக்குள்ள வச்சிருக்கிற சிப்புக்கு மட்டும் அது ஒரு இடத்துல தப்பா மாத்திக் குடுத்திருக்கு. அதைக் கண்டுபிடிச்சு, திருத்தி, புதுசு ஒண்ணை அனுப்பியிருக்காரு."

"உங்க ஒத்த மோட்டாருக்காகக் கம்பைலரையேவா திருத்துனாரு?"

"எனக்கு மட்டும் இல்ல. இனிமே உலகத்துல எவன் இந்த சிப்பை வச்சு வேலை பாத்தாலும் இந்தத் திருத்தம் போய்ச் சேருமாம்!"

புதுக் கம்பைலரை ஏற்றினான். புரோகிராமை அதில் ஓட்டி எடுத்து, பெட்டிக்குள் அனுப்பினான். முற்றத்தில் தண்ணீர்த் தொட்டியோரம் சோதனைக்கு வைத்திருந்த மோட்டார் உறுமிக்கொண்டிருந்தது. செல்போனில் சிவப்புப் பொத்தானை அமுக்கினான்.

பொட்டென்று நின்றது மோட்டார்.

மறுபடி போட்டான். மறுபடி நிறுத்தினான். பத்துத் தடவை போட்டு, பத்துத் தடவையும் நிறுத்திப் பார்த்துவிட்டான். பாண்டீஸ்வரி சாமி சந்நிதியில் நிற்பவள் போலக் கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அழகுபாண்டிக்குக் கண் கலங்கிப்போயிற்று. முகம் தெரியாது, முன்பின் பழக்கம் கிடையாது, கைம்மாறாக எதையும் கேட்கவும் இல்லை. இப்படியும் ஒரு மனுஷப் பிறவியா! கம்ப்யூட்டரைப் பார்த்துக் கையெடுத்துக் கும்பிட்டான்.

"கும்பிட்டா அவருக்கெங்க தெரியும்? ஒரு வார்த்தை எழுதுங்க."

"சார், நீங்கள் எனக்குத் தெய்வம்" என்று இங்கிலீஷில் எழுதினான். பதில் தமிழில் வந்தது.

"அண்ணே, பெரிய வார்த்தையெல்லாம் வேணாம். உங்க புரோகிராம்ல திருமங்கலம்னு போட்டிருக்கிறதை இப்பத்தான் கவனிச்சேன். நானும் திருமங்கலத்துலதான் இருக்கேன். பஸ் ஸ்டாண்டுல."

அழகுபாண்டி குதிக்காத குறை. "ஈஸ்வரி! ராவ் நம்ம ஊர்லயே இருக்காரு! உலையை வை, வரும்போது கறி வாங்கிட்டு வாரேன்" என்று கத்திக்கொண்டே எழுதினான்: "தம்பி, அங்கயே இரு. வண்டிய எடுத்துக்கிட்டு வாரேன். இனி நீ எங்க வீட்டுப் பிள்ளை. பஸ் ஸ்டாண்டுல என்னப்பா பண்ணுற?"

செருப்பை மாட்டுவதற்குள் பதில் வந்துவிட்டது.

"கப்பலூர்ல வேலை கிடைச்சிருக்குண்ணே. ரூம் தேடி வந்தேன். காலைல ஒரு வீட்டுல மாடி ரூம் சாவியைக் கையில குடுத்துட்டாங்க. அப்புறம் பேரு கேட்டாங்க, பீமாராவ்னு சொன்னேன். ஊருல எந்தத் தெருன்னு கேட்டாங்க. அதையும் சொன்னேன். சாவியைத் திருப்பி வாங்கிட்டாங்க. வேற எங்க போறதுன்னு தெரியல. இங்க லேப்டாப்புக்கு சார்ஜ் போட இடம் இருந்துச்சு, அதான் உக்காந்து உங்க வேலையைப் பாத்தேன்."

வண்டிச் சாவியை எடுக்கச் சட்டைப் பைக்குள் விட்ட அழகுபாண்டியின் கையில், காலையில் அந்தப் பையனிடமிருந்து திருப்பி வாங்கிய மாடி ரூம் சாவிதான் முதலில் தட்டுப்பட்டது.