மூன்று வரிசைச் செங்கல்

இலவச வீட்டுக்கு மனு போட்டவர்களைச் சரிபார்க்க வந்த அலுவலர், கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டு பேனா முனையால் குடிசைச் சுவரின் அடியைத் தட்டுகிறார். தகரத் தடுப்புக்குக் கீழே மூன்று வரிசைச் செங்கல். சாக்கடை உள்ளே ஏறாமலிருக்க, வீடுகளில் பாத்திரம் தேய்த்துப் பிழைக்கும் குடிசைக்காரி இடிந்த கட்டடத்திலிருந்து ஒவ்வொன்றாகச் சுமந்து வந்து அடுக்கியது. அதையும் மீறிக் கசிந்த கறுப்பு நீரில் மகளின் ஒற்றைச் செருப்பு மிதக்கிறது. "செங்கல் சுவர் இருந்தா இலவச வீடு கிடையாதும்மா. விதி அப்படி," என்கிறார். "இது சுவரா சார்? முழங்கால் உயரம்கூட இல்லையே." "உயரம் எவ்வளவுன்னு படிவத்துல கேக்கலையே." "இப்பவே பிடுங்கிப் போட்டுடறேன் சார்." "போட்டோ எடுத்தாச்சே," என்று கைபேசியைக் காட்டுகிறார். செங்கல் மட்டும் பளிச்சென்று இருக்கிறது. சாக்கடை படத்தில் விழவில்லை. 'தகுதியில்லை' என்று எழுதி முடித்தவர், சேறு அப்பிய காலணியை அவள் பக்கம் நீட்டுகிறார். "கொஞ்சம் தண்ணி ஊத்தும்மா, நாத்தம் தாங்கல." தெருக்குழாயில் விடியலிலிருந்து காத்துக் கிடந்து பிடித்த குடிதண்ணீர்க் குடத்தை, பழக்கதோஷத்தில் அவள் கை சாய்க்கிறது. காலணி பளபளக்கிறது. இத்தனை நாள் சாக்கடையைப் பார்த்து வராத குமட்டல், தன் கையைப் பார்த்ததும் அவளுக்கு வருகிறது.